நடு அம்பாரத்து உப்பு

அரை மணி நேரம் என்று சிஸ்டர் ஜெபா சொன்னதும் லிங்கதுரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று எட்டு. அப்படியானால் பதினொன்று முப்பத்தெட்டு.

"அதுவரைக்கும் அம்மா இந்தக் கட்டில்லயே சாஞ்சிருக்கட்டும் சார். கையில உள்ள ஊசிய இப்ப எடுக்க மாட்டோம். அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டுறது, தொண்டை அடைக்கிறது, எது வந்தாலும் கூப்பிடுங்க. நான் இந்தா, இந்த மேசையிலதான் இருக்கேன்."

மேசை பத்தடி தூரம்கூட இல்லை. கூப்பிட்டால் கேட்கும். கூப்பிடும்போது தனக்குக் குரல் வருமா என்பதுதான் லிங்கதுரையின் கவலை. போன தடவை வரவில்லை. போன தடவை என்பது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். ஆனால் அவர் மனசில் அது போன செவ்வாய்க்கிழமை மாதிரிதான் இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் மனைவி ராஜகனி கழற்றிக் கொடுத்த வளையல்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சிறுநீரகக் கல். கல் எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காகக் கை நரம்பில் ஒரு சாய மருந்தை ஏற்றினார்கள். ஏற்றி ஆறு நிமிஷம் இருக்கும். ராஜகனி மூக்கைச் சொறிந்தாள். அவ்வளவுதான், எறும்பு ஊர்ந்தால் சொறிவதுபோல. பிறகு காதுமடல். பிறகு கழுத்தெல்லாம் சிவந்து, திட்டுத் திட்டாகத் தடித்து, கண் இமைகள் உப்பி, அவள் முகம் போய் வேறு யாரோ ஒரு பெண்ணின் முகம் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. நெஞ்சுக்குள்ளே யாரோ சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம். அவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்தான் கத்தினார். ஓடி வந்து தொடையில் ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சீழ்க்கை அடங்கி, வீங்கிய உதட்டோடு அவள் கேட்ட முதல் வார்த்தை, "வளையல் எங்க?" வளையல் இருந்தது. ஆனால் அவர் சட்டைப் பையை அழுத்திப் பிடித்துப் பிடித்து அதில் மூன்று உடைந்திருந்தன. இன்றைக்குச் சிறுநீரகத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்று ஸ்கேன், மறுபடியும் ஒரு சாய மருந்து; இன்றைக்கும் பையில் எட்டுக் கண்ணாடி வளையல்கள். மூச்சு விட்டால் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன. லிங்கதுரை இரண்டு கைகளையும் முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொண்டார். கைகள் அங்கேயே இருக்கட்டும். பதினொன்று பத்து.

"என்னத்த என் மூஞ்சியவே பாக்கீங்க?" என்றாள் ராஜகனி.

"சும்மாதான்."

"பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படிப் பாக்கல. தட்டுல இருந்த மிக்சரத்தான் பாத்தீங்க."

"அன்னைக்கே மூக்க ஒழுங்காப் பாத்து வச்சிருந்தா, இன்னைக்கு அது வீங்கியிருக்கா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும்."

"வீங்கல. அது எங்க அப்பா மூக்கு. பொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்கேன் அறையில் கொடுத்த பச்சை அங்கி இன்னும் அவள் உடம்பில் இருந்தது. கழுத்து நாடாவை யாரோ அவசரத்தில் கோணலாக முடிந்திருந்தார்கள். அந்த முடிச்சுக்கு மேலே, தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு லேசான புடைப்பு. அதைப் பார்க்காமல் லிங்கதுரை கண்ணை வேறு பக்கம் திருப்பினார். திரும்பிய கண் மறுபடி அங்கேயே வந்தது. பார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பு அரவை ஆலையில் முப்பது வருஷமாக இருக்கிறார். அரைத்த உப்பு பெல்ட்டில் ஓடி வரும். அதன்மேல் அயோடின் கரைசலை மழைச்சாரல்போலத் தூவவேண்டும். அது அவர் பொறுப்பு. கரைசலுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் மாதிரி இருக்கும். விழுந்ததா, விழவில்லையா, கூடவா குறைவா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு கிள்ளு உப்பை வெள்ளைப் பீங்கானில் எடுத்துச் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விடுவார். அயோடின் இருந்தால் உப்பு ஊதாவாகும். நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்குபோல ஊதா. அந்த நிறம் வந்தால்தான் மூட்டை தைக்கலாம் என்பார். ஆலைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது: அயோடின் உப்பு கழுத்துக் கழலையைத் தடுக்கும். முப்பது வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார். முப்பது வருஷமாக. அந்தப் பலகைக்குக் கீழேதான்.

ஏன் படிக்கவில்லை? படித்தார். தினமும் படித்தார். அது ஊருக்கு எழுதியது என்று படித்தார். ஏனென்றால் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், வளையல் உடைந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ராஜகனியின் ஃபைல் அட்டையில் யாரோ சிவப்பு மையால் 'அயோடின் அலர்ஜி' என்று எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டு, "அயோடின் ஆகாது, மீன், உப்பெல்லாம் பாத்துக்கோங்க" என்று போகிற போக்கில் சொல்லி அனுப்பினார்கள். வேறு யாராவதாக இருந்தால் ஒரு வாரம் பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள். வேறு ஒருவருக்கு அயோடின் என்பது ஒரு சொல். லிங்கதுரைக்கு அது கையில், நகக்கண்ணில், சட்டை மடிப்பில், தலைமுடியில் இருக்கிற ஒன்று. நிறம் இல்லாதது. பார்த்துப் பிடிக்க முடியாதது. பகல் முழுவதும் அதைத்தான் தூவிவிட்டு, சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்கிறோமே என்று நினைத்து, பஸ்ஸில் வரும் வழியிலேயே அவளைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். மறுநாளே ஏற்பாடு செய்துவிட்டார். ஆலைக்குப் பின்னால் உப்பளத்தில் பனை ஓலை வேய்ந்த அம்பாரங்கள் வரிசையாக நிற்கும்; கல்லுப்பைக் குவித்து வைத்திருக்கிற குன்றுகள். அயோடின் அண்டாத உப்பு. அதிலும் ஓரத்தில் எடுக்கமாட்டார். ஆலைக் காற்று பட்டிருக்கலாம். ஓலையை விலக்கி, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து எடுப்பார். கையில் கீறல் விழும், உப்பு அதில் எரியும். எரிந்தால் சந்தோஷம், நடுவுக்குப் போய்விட்டோம் என்று அர்த்தம். மில் குழாயில் ஒரு குளியல், வீட்டுக் கிணற்றடியில் ஒரு குளியல், வேறு சட்டை. பிறகு விளக்கடியில் பீங்கானை வைத்து, அவள் உப்பில் ஒரு சொட்டு. வெள்ளையாகவே இருக்கும். வெள்ளையாக இருக்கிற அந்த ஒரு நொடியில் அவருக்குள் ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்காரும். மகள் சுகன்யா சின்னவளாக இருந்தபோது அதற்கு அம்மா உப்பு என்று பெயர் வைத்தாள். கடையில் விற்பது கடை உப்பு, வீட்டில் இருப்பது அம்மா உப்பு. ஐயோ, சுகன்யாவும் அதைத்தானே தின்றாள்! லிங்கதுரை முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லை, அவளுக்கு மதியச் சாப்பாடு பள்ளிக்கூடத்தில். பிறகு ஹாஸ்டல். இப்போது சிவகாசியில் நன்றாகத்தான் இருக்கிறாள், முந்தாநாள்கூடப் போனில் சண்டை போட்டாளே, சண்டை போடுகிறவளுக்கு என்ன குறை? பதினொன்று பதினைந்து. ஆறாவது நிமிஷம் தாண்டிவிட்டது. அது தாண்டியதைத் தான் கவனிக்காமல் விட்டதில் அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"கனி, தூங்குதியா?"

"தூங்க விட்டாத்தான?"

"தொண்டை எப்படி இருக்கு?"

"தொண்டை தொண்டையாத்தான் இருக்கு. மருந்து ஏறும்போதுதான் உடம்பு பூரா குபுகுபுன்னு சூடா ஓடிச்சு. வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி. வெளியில சொல்லாதீங்க, ஒண்ணுக்குப் போயிட்டேன்னே நெனச்சுட்டேன். ஸ்கேன் எடுக்கிற பிள்ள முன்னாலயே சொல்லிச்சு, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் ஆச்சின்னு. ஆச்சியாம்! அம்பத்தோரு வயசுல நான் அதுக்கு ஆச்சியா?"

அவள் பேசினாள். பேசுகிறவளுக்கு மூச்சு முட்டாது. பேசட்டும். பேசப்பேச அவருக்குள் இன்னொன்று முட்டிக்கொண்டு நின்றது. காலையில், ராஜகனி உடை மாற்றப் போயிருந்தபோது, டாக்டர் மெர்லின் ஃபைலைப் புரட்டிக்கொண்டே அவரைக் கூப்பிட்டாள். மகள் வயசுதான் இருக்கும். அந்தச் சிவப்பு மையைக் காட்டி, "இது யார் சார் எழுதினது?" என்று கேட்டாள். தெரியாது என்றார். அவள் எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். பயமுறுத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் சொன்னதோ வேறு. "அயோடின் உடம்புக்குக் கட்டாயம் வேணும் சார். கழுத்துல இருக்கிற தைராய்டு அத வச்சுத்தான் வேலையே செய்யுது. அதுக்குன்னு யாருக்கும் அலர்ஜி வராது. அன்னைக்கு அம்மாவுக்கு ஒத்துக்காமப் போனது அந்தச் சாய மருந்து. அதுல அயோடின் இருக்குங்கிறதால பேர அதுமேல போட்டுட்டாங்க. சாய மருந்துன்னா எங்களுக்கு இப்பவும் கவனம்தான். அதனாலதான் நேத்து ராத்திரி பத்து மணி, விடிகாலை நாலு மணி, இன்னைக்குப் பத்து மணின்னு மாத்திரை கொடுக்கச் சொன்னோம். மருந்தும் அன்னைக்குப் போட்டது இல்ல, வேற வகை. ஆனா உப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." மீன்? என்று கேட்டார். மீன் சிலருக்கு ஆகாது, அது மீனின் சதையில் இருக்கிற புரதத்தால், அயோடினால் இல்லை என்றாள். காயத்துக்குப் போடுகிற தவிட்டு நிற மருந்து? அது தனிக் கதை, போட்ட இடத்தில் அரித்தால் அதை மட்டும் விட்டுவிட்டு வேறு போடலாம் என்றாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, துணி மடிப்பதுபோல மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள், "மீன் சாப்பிட்டு அம்மாவுக்கு எப்பவாவது ஏதாவது வந்திருக்கா சார்?" அவர் சொன்னார், "சாப்பிட விட்டதே இல்லம்மா."

சாப்பிட விட்டதே இல்லை. சொல்லும்போது பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். கடைசிச் சொல்லுக்கு வரும்போது பெருமை எங்கேயோ நழுவி விழுந்திருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "கழுத்து கொஞ்சம் வீங்கினாப்ல இருக்கு. ரத்தப் பரிசோதனையில தைராய்டு கொஞ்சம் மந்தம்னு வந்திருக்கு. இந்த உப்பு ஒரு காரணமா இருக்கலாம். பெரிசா ஒண்ணும் இல்ல, சரி பண்ணிடலாம்" என்றாள். ஒரு காரணமா இருக்கலாம். இரண்டு வருஷமாக அவள் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காருவாள். மத்தியானம் கறிகாய் நறுக்கிக்கொண்டே தூங்கிவிடுவாள். வயசாகுதுங்க என்பாள். ஆமா கனி என்று இவரும் சொல்வார், சொல்லிவிட்டு அம்பாரத்துக்குப் போய்த் தோள்வரைக்கும் கையை விடுவார். நடுவிலிருந்து. எரிகிற கையோடு. ஒரு காரணமா இருக்கலாம் என்றால் இருக்கும் என்றா, இருக்காது என்றா? இருக்கலாம் என்றால் பாதி. பாதி என்றால் எந்தப் பாதி? டாக்டர் சொன்னதில் சரி பண்ணிடலாம் என்பதும் இருந்தது. அது மட்டும் அவர் மனசில் தங்கமாட்டேன் என்கிறது. வாசல்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

இதை ராஜகனியிடம் சொல்லவேண்டும். இன்னும் சொல்லவில்லை. டாக்டர் சொல்வதற்கு முன்னால் தான் சொல்லவேண்டும். உப்பைச் சொல்லிவிடலாம். கழுத்தைக்கூடச் சொல்லிவிடலாம், திட்டுவாள், திட்டினால் நல்லது. சொல்ல முடியாதது அந்தத் தூக்குவாளி. பதினாலு வருஷம் இருக்கும். ஒரு சாயங்காலம், அவர் கிணற்றடியில் குளித்து ஈரத்துண்டோடு நிற்கும்போது அத்தை வந்தாள், ராஜகனியின் அம்மா, உடன்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி. கையில் தூக்குவாளி. மூடியைத் தாண்டி வாசனை வந்தது: மாங்காய் போட்ட சாளைமீன் குழம்பு. தேங்காய் அரைத்த, எண்ணெய் மிதக்கிற, அத்தைக்கு மட்டுமே கைவந்த குழம்பு. அவர் வாயிலும் எச்சில் ஊறியது. அந்த எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் சொன்னார், "அத்த, ஒங்க மகளுக்கு ஆகாதுன்னு தெரியும்ல? திருப்பிக் கொண்டு போயிருங்க." அத்தை வாசலில் நின்றபடியே, "நான் என்ன விஷமா மாப்ள கொண்டாந்திருக்கேன்?" என்றாள். தூக்குவாளிக்குக் குளிருகிறதுபோல அத்தை அதன்மேல் முந்தானையைப் போட்டு மூடினாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள். "அம்மைய பஸ் ஏத்திட்டு வாரேன்" என்று ராஜகனியும் கூடப் போனாள். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். அழுதிருக்கிறாள். அவர் பீங்கானில் உப்பை வைத்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அத்தை தூக்குவாளியோடு வரவே இல்லை. வெறுங்கையோடு வருவாள், பேசுவாள், போவாள். செத்து நாலு வருஷம் ஆகிறது. விஷம் இல்லை அத்தை. இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு டாக்டர் பெண் மடித்து மடித்துச் சொன்னாள். நீங்கள் கொண்டுவந்தது குழம்பு. மாங்காய் போட்ட வெறும் குழம்பு.

சரக் என்று ஒரு சத்தம்.

ராஜகனி கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

லிங்கதுரை எழுந்ததில் முக்காலி கவிழ்ந்தது. வாயைத் திறந்தார். இந்தத் தடவை குரல் வந்தது. எங்கிருந்து வந்ததோ, அந்தக் கட்டடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்தது. "சிஸ்டர்!" ஜெபா ஓடி வந்தாள், அவள் பின்னால் டாக்டர் மெர்லின் வந்தாள். ஜெபா ராஜகனியின் மணிக்கட்டைப் பிடித்தாள், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாள், நாக்கை நீட்டச் சொன்னாள், அங்கி நாடாவை அவிழ்த்து முதுகுவரைக்கும் பார்த்தாள். டாக்டர் குனிந்து கழுத்தை ஒரு சின்ன விளக்கால் பார்த்தாள். லிங்கதுரைக்கு அந்த விளக்கின் வட்டம் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. ஒரே ஒரு தடிப்பு. சிவப்பு. நடுவில் ஒரு புள்ளி.

"கொசு" என்றாள் டாக்டர்.

"என்னம்மா?"

"கொசு கடிச்சிருக்கு சார். இதுக்கு மட்டும் எங்க சென்டர்தான் பொறுப்பு."

ராஜகனி வயிறு குலுங்கச் சிரித்தாள். ஜெபாவும் சிரித்தாள். லிங்கதுரை முக்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அது நன்றாக நிற்கிறதா என்று தேவையில்லாமல் ஆட்டிப் பார்த்தார். டாக்டர் போகத் திரும்பியவள் நின்றாள். "படம் பாத்துட்டேன். சிறுநீரகத்துல தெரிஞ்ச நிழல் வெறும் நீர்க்கட்டி. பயப்பட ஒண்ணும் இல்ல. இன்னும் ஒண்ணு, ஃபைல்ல அந்தச் சிவப்பு மைய அடிச்சிட்டேன். சாய மருந்து பேரு, அன்னைக்கு என்ன ஆச்சு, இன்னைக்கு எந்த மருந்து போட்டோம், முன்னால என்ன மாத்திரை கொடுத்தோம் எல்லாம் ஒரு அட்டையில எழுதித் தரேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அத முதல்ல காட்டணும். அயோடின்னு சொல்லக்கூடாது. சரியா?" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

"அயோடின்னு ஏன் சொல்லக்கூடாது?" என்றாள் ராஜகனி.

இதோ வந்துவிட்டது. லிங்கதுரை உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்த பையனைப்போல எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "ஒனக்கு அயோடின் ஆகாதுங்கிறதே கிடையாதாம் கனி. அந்தச் சாய மருந்து ஒண்ணுதான் ஆகாதாம். கடை உப்பே தின்னுருக்கலாமாம். மீன் தின்னுருக்கலாமாம். கழுத்து வீங்கினதுக்கு நான் கொண்டுவந்த உப்பும் ஒரு காரணமா இருக்கலாமாம். படியில நீ உக்காருறதுக்கும். சரி பண்ணிரலாம்னு சொன்னாங்க. ஆனா அன்னைக்கு அத்தைய நான்..."

"அம்மைய என்ன?"

"தூக்குவாளியோட வந்தாங்கல்ல. வாசல்லயே வச்சுத் திருப்பி அனுப்பினேன்ல."

ராஜகனி அவர் பக்கம் திரும்பினாள். கோபமா என்று அவருக்குப் புரியவில்லை. உப்பைப் படித்த கண்ணுக்கு அந்த முகத்தைப் படிக்க வரவில்லை.

"அன்னைக்கு பஸ்ஸு வரவே இல்ல" என்றாள் அவள். "ஸ்டாப்புல நானும் அம்மையும் மட்டும்தான். இருட்டிப்போச்சு. அம்மை தூக்குவாளியத் தொறந்தா. ஒரு வாய் தின்னுட்டி, ஏதாவது ஆச்சுன்னா நானே ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுதேன்னு சொன்னா. எங்க அம்மை நாப்பது கிலோகூட இருக்க மாட்டா அப்ப."

"தின்னியா?"

"ஒரு வாய்தான் திங்கணும்னு நெனச்சேன். வாளி காலி."

லிங்கதுரை முக்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டார்.

"தின்னு முடிச்சப்பெறகுதான் அவளுக்குப் பயம் வந்துருச்சு. நீங்க இப்ப பாத்துக்கிட்டு இருந்தீங்கல்ல, அதே மாதிரி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. மூக்கத் தொட்டுப் பாப்பா, காதத் தொட்டுப் பாப்பா. பஸ்ஸு வந்துச்சு. ஏறமாட்டேன்னுட்டா. அடுத்த பஸ்ஸு வர அரை மணி நேரம் ஆச்சு, அதுலதான் ஏறினா."

அரை மணி நேரம். அத்தையும் அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறாள், யாரும் சொல்லாமலே. கடிகாரம் இல்லாத ஒரு பஸ் ஸ்டாப்பில், காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி மருந்து எதுவும் கையில் இல்லாமல். லிங்கதுரைக்கு அந்த ஸ்டாப்பு தெரியும். ஒரு கல் பெஞ்சு, ஒரு வேப்ப மரம். தினமும் அதைத் தாண்டித்தான் ஆலைக்குப் போகிறார். பதினாலு வருஷமாக அந்த பெஞ்சில் உட்கார்ந்து மகளும் தாயும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், இவர் மட்டும் பஸ் ஜன்னலில் வேறு எதையோ நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"நீ கண்ணெல்லாம் சிவந்து வந்தியே. அழுதேன்னுல நெனச்சேன்."

"ஒறப்புங்க. அம்மை மொளகா வத்தல அள்ளித்தான போடுவா."

"பெறகு?"

"பெறகு என்ன? உடன்குடிக்குப் போறப்பல்லாம் தின்னேன். அவ இருந்த வரைக்கும்."

"எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

அவள் ஊசி செருகிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க தலை ஈரத்தோட விளக்குக்குக் கீழ உக்காந்து, அந்தப் பீங்கானக் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தீங்க. என்னப் பாத்ததும், வெள்ளையா இருக்கு கனின்னு சொன்னீங்க. தோள்ல எல்லாம் கீறல். அதுக்குமேல எப்படிங்க சொல்ல?" பிறகு, "உப்பு வேற, மீன் வேறன்னும் ஒரு பயம். மீன் என்னைக்கோ ஒரு நாள். உப்பு தினமும் திங்கது. எனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றாள்.

லிங்கதுரைக்கு நெஞ்சில் இருந்து ஏதோ கழன்றது. வாளி காலி. அத்தை வெறும் வாளியோடு போயிருக்கிறாள். பஸ்ஸில் அது மடியில் கடகடவென்று ஆடியிருக்கும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே உடன்குடிவரைக்கும் போயிருப்பாள். நல்லது. ரொம்ப நல்லது. அப்புறம்தான், கொஞ்சம் தாமதமாக, இன்னொன்று அவருக்கு உறைத்தது.

"அப்ப நான்?"

"நீங்க என்ன?"

"நீ திங்கலையேன்னு நானும் பத்தொம்பது வருஷமா மீனத் தொடலயே! மில்லுல எல்லாவனும் வாளை வறுவல், சாளைப் பொரியல்னு கொண்டு வருவானுவ. நான் தயிர்ச் சோத்தத் தூக்கிக்கிட்டுப் புளிய மரத்தடிக்குப் போயிருவேன். மூக்குல வாசனை ஏறக்கூடாதுன்னு!"

ராஜகனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நெசமாவா? வெளியில தின்னுட்டுத்தான் வாய் கொப்புளிச்சிட்டு வாரீங்கன்னுல நெனச்சிருந்தேன். ஒரு நாள்கூடவா திங்கல?"

"ஒரு நாள்கூட."

அவள் சிரிக்கப்போனாள். சிரிப்பு பாதியில் நின்று கண்ணில் நீராக வந்தது. ஊசி இருந்த கையைத் தூக்க முடியாமல், மற்றக் கையால் அவர் தோளை, சட்டைக்கு மேலாகவே, பழைய கீறல்கள் இருக்கும் இடத்தைத் தடவினாள். "கோட்டிக்கார மனுசா" என்றாள். "கோட்டிக்கார மனுசா."

"சார்" என்று ஜெபா வந்து நின்றாள். "நேரம் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, நீங்களே கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்."

லிங்கதுரை திரும்பிப் பார்த்தார். பதினொன்று நாற்பத்தெட்டு. முப்பத்தெட்டு எப்போது வந்தது, எப்போது போனது, அவருக்குத் தெரியாது.

ஜெபா ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து ஒட்டினாள். டாக்டர் எழுதிய அட்டையைக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு தடவை வாசித்து, மடிக்காமல், ராஜகனியின் கைப்பையில் கண்ணாடி உறைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வளையல்களை எடுத்தார். ஒவ்வொன்றாக அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள். எட்டும் இருந்தன, எட்டும் முழுசாக.

"போற வழியில சாளை கிடைக்குமா இந்நேரம்?" என்றாள்.

"கிடைக்கலேன்னா கடற்கரைக்கே போயிருவோம்."

"மாங்காயும் வாங்கணும். கடை உப்பு ஒரு பாக்கெட்டும்."

"கடை உப்பு எதுக்கு? எங்க ஆலை உப்பே இருக்கு" என்றார் லிங்கதுரை. "பெல்ட்டு முழுக்க ஒரே மாதிரி விழாது கனி. சில இடத்துல கூட விழும், சில இடத்துல குறையும். நடுவுல ஓடுற உப்பாப் பாத்து நானே எடுத்துட்டு வாரேன். வந்து ஒரு சொட்டு விட்டு, நல்லா ஊதாவா ஆகுதான்னு பாத்துட்டுத்தான் சட்டிக்குள்ள போட விடுவேன்."